தொலைவிலிருந்து எழுப்புதல்: தந்திக் கம்பி முதல் மன்னார்க் காற்றாலை வரை

தொலைவில் உள்ள ஒரு கணனியை, அதன் அருகே எவரும் செல்லாமலே, தொலைபேசிக் கம்பி வழியாகவோ வலையமைப்பு வழியாகவோ இயங்கச் செய்யலாம் என்பது இன்று வியப்புக்குரிய செய்தியன்று. கொழும்பில் இருப்பவர் தமது விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்த, மன்னாரில் பூட்டிய அறையொன்றினுள் இருக்கும் பொறி விழித்துக்கொள்கிறது. இதனை நோக்குவோர் பெரும்பாலும், கொழும்பிலிருந்து புறப்பட்ட ஏதோ ஓர் ஆற்றல் மன்னாரை அடைந்து அப்பொறியை இயக்கியது என்றே எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. தொலைவிலிருந்து வருவது ஆணை மட்டுமே. ஆற்றல் பொறி இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. அவ்வாணையைக் கேட்பதற்கென அப்பொறியின் ஒரு சிறு பகுதி இடையறாது விழித்திருக்கிறது. அச்சிறு பகுதிக்கு மின்னூட்டுபவர் யார், அது யாருடைய குரலுக்குச் செவிசாய்க்கிறது, வந்த ஆணையை மறுக்கும் வலு அதற்கு உண்டா என்னும் மூன்று வினாக்களையும் விட்டுவிட்டு இத்தொழில்நுட்பத்தை விளக்கப் புகுதல் அரைகுறை விளக்கமாகவே முடியும்.

இவ்வினாக்களை மன்னாரை முன்வைத்து ஆராய்வதற்குக் காரணம் உண்டு. இலங்கையைப் புறவுலகோடு பிணைத்த தொடர்புகள் பல இத்தீவின் வழியே சென்றவை. 1850களின் இறுதியில் இலங்கைத் தந்தி கடலடிக் கம்பி மூலம் இந்தியத் தந்தியுடன் இணைந்தது மன்னார் வழியாகவே. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது; 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர் இராமேஸ்வரத்துக்கு மாறி நடந்த அச்சேவை 1980களில் போரோடு நின்றுபோனது. 1990இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் செயலிழந்தது. 2015 மார்ச்சிலேதான் புகையிரதம் மீண்டும் தலைமன்னார் இறங்குதுறையை அடைந்தது. இன்று அத்தீவின் தென்கரையில் 30 காற்றுச் சுழலிகள் நிற்கின்றன. அவை ஒவ்வொன்றினுள்ளும் ஒரு கணனி இருக்கிறது. அக்கணனி தொலைவிலிருந்து வரும் ஆணையால் சுழலியை எழுப்பவும் உறங்கவைக்கவும் வல்லது. தந்திக்கும் சுழலிக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி இருப்பினும், இரண்டினதும் அடிப்படை விதி ஒன்றே என்பதை முதலில் காட்டுவோம்.

நெடுந்தொலைத் தந்தியில் எழுந்த முதற் சிக்கல், கம்பி நீள நீள மின்னோட்டம் நலிந்துபோதல் ஆகும். நூறு கல்லுக்கு அப்பால் வந்து சேரும் ஓட்டம், எழுதுகருவியின் ஊசியை அசைக்கவும் போதாது. இதற்கு 1830களில் ஜோசப் ஹென்றி முதலானோர் கண்ட தீர்வே, 'ரிலே' எனப்படும் அஞ்சல் ஆளி. அதன் அமைப்பு எளியது. நலிந்த ஓட்டம் ஒரு சிறு மின்காந்தச் சுருளினூடு செல்லும். அக்காந்தம் ஓர் இலேசான இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு அசைந்து வேறொரு சுற்றை மூடும். அவ்வேறு சுற்றில் அந்த ஊரிலேயே வைக்கப்பட்ட மின்கலவடுக்கின் முழு வலிமையும் பாயும். அதாவது, வந்த ஓட்டம் வேலை செய்யவில்லை. வேலை செய்யுமாறு உள்ளூர் மின்கலத்துக்குச் சொல்லியது. ஆணையும் ஆற்றலும் முதன்முதலாக வேறாக்கப்பட்ட இடம் இதுவே. கணனியின் வரலாற்றை எழுதுவோர் இவ்வாளியை, கணித்தற் பொறியின் மூதாதை என்று மட்டும் குறித்துச் செல்வது வழக்கம். தொலைவிலிருந்து ஆளுதல் என்பதன் மூதாதையும் அதுவே என்பது நம் கருத்து.

அடுத்து வந்த தொலைபேசி இவ்விதிக்கு ஓரளவு விலக்கானது. அவ்விலக்கு சுவையானது, சற்று நின்று நோக்கத்தக்கது. செப்புக் கம்பித் தொலைபேசி, வீட்டின் மின்சாரத்தை நாடுவதில்லை. தொலைபேசி நிலையத்தின் மின்கல அறையிலிருந்து ஏறத்தாழ 50 வோல்ற்று நேரோட்டம் கம்பி வழியே வந்துகொண்டே இருக்கும். அழைப்பு வரும்போது நிலையம் அதே கம்பியில் 75 வோல்ற்று அளவிலான, விநாடிக்கு 25 சுற்றுக் கொண்ட ஆடலோட்டத்தை அனுப்பி மணியை ஒலிக்கச் செய்யும். ஊரெங்கும் மின்சாரம் நின்றிருக்கும் இரவிலும் பழைய தொலைபேசி மணி அடித்தது இதனாலேயே. இங்கே விழித்திருக்கும் காவலன் வீட்டில் இல்லை. தொலைபேசி நிலையத்தில் இருந்தான். அவனுக்கான செலவையும் நிலையமே ஏற்றது. ஒளியிழையும் கைபேசியும் செப்புக் கம்பியின் இடத்தைப் பிடித்தபோது, இச்செலவு ஓசையின்றிப் பாவனையாளரின் வீட்டுக்குப் பெயர்ந்தது. மின்சாரம் நின்றால் தொலைபேசியும் நிற்கும் நிலை அதன் விளைவாகும்.

தொலைபேசியால் கணனியை எழுப்பும் முயற்சி, கணனி மேசைக்கு வந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். சொந்தக் கணனியிலும் அதன் வழித்தோன்றல்களிலும் மின் ஆளி ஒரு பருத்த இரும்பு நெம்பு. அது மின்வழங்கலை நேரே துண்டித்தது. துண்டிக்கப்பட்ட பொறியில் உயிருள்ள பகுதி எதுவும் எஞ்சவில்லை. எனவே அதனை உள்ளிருந்து எழுப்ப வழியில்லை. இதனால் வெளியே ஒரு பெட்டி வைக்கப்பட்டது. பெட்டி தொலைபேசிக் கம்பியில் மணியோட்டம் வருகிறதா என்று காத்திருக்கும்; வந்ததும் அஞ்சல் ஆளியை மூடிக் கணனிக்கு மின்சாரத்தை விடும். கணனி எழுந்து, மோடெம் வழியே அழைத்தவரோடு பேசத் தொடங்கும். பின்னர் இவ்வேலை மோடெத்துக்கே உரியதாயிற்று. மோடெத்தையும் கணனியையும் இணைத்த 25 ஊசிக் கம்பியில் 22ஆம் ஊசி, மணி அடிக்கிறது என்பதைச் சொல்வதற்கென்றே ஒதுக்கப்பட்டது. உறங்கும் கணனி அவ்வொரு கம்பியை மட்டும் கவனித்திருந்தாற் போதும்.

இம்முறையின் குறை வெளிப்படையானது. மணி, அழைப்பவர் யார் என்று சொல்லாது. இலக்கம் தவறிச் சுழற்றியவரும் கணனியை எழுப்பிவிடுவார். ஆயினும் அதே எளிமை வேறோர் இடத்தில் பெரும் பயன் தந்தது. பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டு வேளாண் பொறியியல் துறை, கைபேசியால் பம்புசெட்டை இயக்கும் கருவிக்கு மானியம் வழங்கிய திட்டத்தை இங்கே நினைவுகூரலாம். வயலுக்கான மும்முனை மின்சாரம் குறித்த நேரங்களில் மட்டும், சில வேளை நள்ளிரவில் வரும் ஊர்களில், உழவர் இருளில் வரப்பு வழியே நடந்து, பாம்புக்கு அஞ்சியபடி மோட்டாரைப் போட வேண்டியிருந்தது. இத்தகைய கருவிகளுள் பல, பதிவு செய்யப்பட்ட இலக்கத்திலிருந்து ஒரு 'மிஸ்டு கால்' வந்தால் மோட்டாரை இயக்கும். முனைகள் மூன்றிலும் மின்சாரம் இல்லையேல் இயக்க மறுக்கும். அழைப்பை எடுப்பதற்கு முன்பே அழைப்பவரின் இலக்கம் வந்து சேர்ந்துவிடுவதால், காவலன் ஆளை அறிந்துகொள்கிறான். அழைப்பு எடுக்கப்படாததால் உழவருக்குச் செலவும் இல்லை. ஆணையிடுபவரும் மோட்டாருக்கு உரியவரும் ஒருவரே என்பது இவ்வமைப்பின் தனிச்சிறப்பு. கீழே நாம் காணப்போகும் அமைப்புகளில் இவ்விருவரும் வேறாகிவிடுகின்றனர்.

வலையமைப்பு வழியாக எழுப்புதல் 1990களின் நடுப்பகுதியில் உருப்பெற்றது. அதற்கு இரண்டு மாற்றங்கள் துணைநின்றன. முதலாவது, 1995இல் இன்ரெல் நிறுவனம் வகுத்த புதிய கணனி அமைப்பில் மின் ஆளி மின்சாரத்தைத் துண்டிக்கும் நெம்பாக இருக்கவில்லை. அது ஒரு வேண்டுகோள் பொத்தான் மட்டுமே. சுவரில் மின்சாரம் இருக்கும்வரை, 'அணைக்கப்பட்ட' கணனியின் உள்ளே 5 வோல்ற்று அளவில் ஒரு சிறு மின்வழங்கல் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, 1995இல் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட 'மாயப் பொதி' என்னும் முறை. ஐ.பி.எம்., இன்ரெல் ஆகிய நிறுவனங்கள் இதனை 1997 அளவில் பரவலாக்கின.

பெயர்தான் மாயம், உள்ளே மாயம் ஏதும் இல்லை. ஒவ்வொரு வலையட்டைக்கும் உற்பத்தியின்போதே 6 பைற்று நீளமான ஓர் இலக்கம் இடப்படுகிறது. மாயப் பொதியில் முதலில் 255 என்னும் எண் ஆறு முறை வரும். அதனைத் தொடர்ந்து, எழுப்பப்பட வேண்டிய வலையட்டையின் இலக்கம் பதினாறு முறை திரும்பத் திரும்ப வரும். ஆக மொத்தம் 102 பைற்றுகள். பதினாறு முறை கூறுவானேன் என்று வாசகர் வினவலாம். கணனியின் மூளை உறங்குகிறது. கேட்பது வலையட்டையின் ஒரு சிறு சுற்று மட்டுமே. அதற்குச் செய்தியைப் பகுத்துணரும் அறிவு இல்லை. தன் பெயர் தொடர்ந்து ஒலிக்கிறதா என்று எண்ண மட்டும் தெரியும். வேறு செய்தியொன்றில் அப்பெயர் தற்செயலாக ஒருமுறை வரலாம். பதினாறு முறை அடுத்தடுத்து வருதல் நிகழக்கூடியதன்று. ஆழ்ந்து உறங்குபவரை அவர் பெயரைப் பன்முறை சொல்லிக் கூப்பிடுவது போன்றதே இது.

ஆனால் கூப்பிடுபவர் யார் என்பதை இச்சுற்று கேட்பதில்லை. இலக்கத்தை அறிந்த எவரும் எழுப்பலாம். கடவுச்சொல் சேர்க்கும் ஒரு விரிவு உண்டு. அதுவும் மறைகுறியீடு இன்றி வெளிப்படையாகவே கம்பியில் செல்வதால், ஒட்டுக்கேட்பவர் அதனையும் அறிவார். மேலும், மாயப் பொதி ஓர் அலுவலகத்தின் உள் வலையமைப்புக்குள் எல்லோரையும் நோக்கி உரத்துக் கூவும் வகையானது. வெளியூரிலிருந்து அவ்வாறு கூவ, இடையிலுள்ள வழிப்படுத்திகள் பொதுவாக இடமளிப்பதில்லை. ஒரு கூவலால் ஊர் முழுவதையும் மறுமொழி சொல்லவைத்து வலையமைப்பை முடக்கும் தாக்குதல்கள் பெருகிய பின், 1999இல் இத்தடை உலகப் பொதுவிதியாயிற்று. எனவே கொழும்பிலிருப்பவர் மன்னார்க் கணனியை எழுப்ப வேண்டுமாயின், மன்னாரில் ஏற்கெனவே விழித்திருக்கும் வேறொரு கருவி அவர் சொல்லைக் கேட்டு, அங்கே நின்று கூவ வேண்டும். காவலனை எழுப்ப இன்னொரு காவலன். இத்தொடரை எவ்வளவு நீட்டினாலும் அதன் கடைசிக் கண்ணி உள்ளூரில், உள்ளூர் மின்சாரத்தில், உறங்காது இருந்தாக வேண்டும்.

உறங்காமைக்கு விலை உண்டு. 2 வாற்று மின்சாரம் ஆண்டு முழுவதும் ஓடினால் ஏறத்தாழ 17.5 அலகு ஆகும். ஒரு வீட்டுக்கு இது பொருட்டன்று. கோடிக்கணக்கான கருவிகளுக்குப் பொருட்டாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் விதித்து 2010 முதலும் 2013 முதலும் படிப்படியாக இறுக்கிய ஒழுங்குவிதி, பல வீட்டுக் கருவிகளின் 'அணைந்த' நிலை நுகர்வை அரை வாற்றாகக் குறைக்கச் செய்தது இதன் பொருட்டே. அதனினும் பெரிய விலை வேறொன்று. காவலன் காலப்போக்கில் வளர்ந்துவிட்டான். நிறுவனங்களுக்கென விற்கப்படும் கணனிகளில் இன்று கேட்பது சிறு சுற்றன்று. தனி மென்பொருள் கொண்ட ஒரு முழுக் கணனி, பெரிய கணனிக்குள் ஒளிந்திருக்கிறது. பெரிய கணனி அணைந்திருக்கையிலும் அது வலையமைப்போடு பேசும், எழுப்பும், வட்டில் உள்ளதை மாற்றியமைக்கவும் துணைபோகும். 2017 மே மாதத்தில் இன்ரெல் நிறுவனம் தனது இவ்வகை மென்பொருளில் பல ஆண்டுகளாக இருந்துவந்த ஒரு குறையை அறிவித்தது. கடவுச்சொல் கேட்கப்படும் இடத்தில் வெற்று விடை அளித்தாலும் அது கதவைத் திறந்துவிட்டது. கணனியின் உரிமையாளர் தாம் அணைத்துவிட்டதாக எண்ணிய பொறி, அவர் அறியாத ஒருவருக்கு விழித்தே இருந்தது.

இப்போது மன்னாரின் தென்கரைக்கு வருவோம். ஆசிய அபிவிருத்தி வங்கி 2017இல் இசைவளித்த 20 கோடி டொலர் கடனுதவியைக் கொண்டு இலங்கை மின்சார சபை அமைத்த 'தம்பபவனி' காற்றாலை, 2020 டிசம்பர் 8ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. தென்மார்க்கு நாட்டு வெஸ்டாஸ் நிறுவனத்தின் 30 சுழலிகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று, மொத்தம் 103.5 மெகாவாற்று. சுழல்வட்டத்தின் விட்டம் 126 மீற்றர். கரையோர மீனவர் சோளகம் என்று சொல்லும் தென்மேற்குப் பருவக் காற்று, மே முதல் செப்டெம்பர் வரை இங்கே ஓயாது வீசுகிறது. மாரியில் வாடை வருகிறது.

இச்சுழலியொன்றை எழுப்புதல் எவ்வாறு நிகழ்கிறது? தொலைவிலிருந்து வரும் ஆணை சில பைற்றுகளே கொண்டது. அதனைப் பெறும் சுழலியின் கணனி, உடனே பணிந்துவிடுவதில்லை. காற்றின் வேகம் போதுமானதா, மிகையானதா என்று தன் மானியைப் பார்க்கும். எண்ணெய் அழுத்தம், சுருள்களின் வெப்பம், தடுப்புகளின் நிலை ஆகியவற்றைச் சரிபார்க்கும். பின்னர் தலைப்பகுதியைக் காற்றை நோக்கித் திருப்பும். காற்றுக்கு விளிம்பைக் காட்டி ஓய்ந்திருந்த அலகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் காற்றை ஏற்கச் செய்யும். சுழற்சி போதிய வேகத்தை அடைந்த பின்பே மின்வலையமைப்போடு இணையும். இவற்றுள் ஏதேனும் ஒன்று பொருந்தாவிடின், ஆணை எவரிடமிருந்து வரினும் சுழலி அசையாது. மாயப் பொதியைக் கேட்கும் வலையட்டைக்கு இல்லாத ஒரு தகுதி இங்கே உண்டு: மறுக்கும் தகுதி.

சுழலிகளின் மின்சாரம் நடுக்குடாத் துணைமின்நிலையத்தை அடைந்து, அங்கிருந்து உயரழுத்தக் கம்பித் தொடரால் பெருநிலத்தைக் கடந்து தேசிய வலையமைப்பில் சேர்கிறது. இத்தகைய தொடர்களில் கோபுர உச்சியில் செல்லும் நிலக்கம்பியினுள்ளே ஒளியிழை பொதிந்து, அதன் வழியே செய்திகளை அனுப்புவது பொது வழக்கம். ஆற்றல் கீழ்க் கம்பிகளில் தெற்கே போக, ஆணை மேற்கம்பியில் வடக்கே வருகிறது என்று இதனைச் சொல்லலாம்.

ஆணை எதற்கு? மின்வலையமைப்பில் ஒவ்வொரு கணமும் ஆக்கமும் நுகர்வும் சமமாக இருத்தல் வேண்டும். சமன் குலைந்தால் மீடிறன் 50இலிருந்து விலகும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கினால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியதை வாசகர் மறந்திரார். குரங்கைப் பற்றிய நகைச்சுவைகள் ஊரெல்லாம் உலவின. உண்மையான காரணம் அதற்குப் பின்னால் இருந்தது: விடுமுறை நாளில் நுகர்வு தாழ்ந்திருந்தது, கூரைச் சூரிய மின்சாரம் மிகுந்திருந்தது, பாரிய சுழற்பொறிகள் தரும் சடத்துவம் குறைந்திருந்தது. அதனையடுத்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்சார சபை கூரைச் சூரியப் படல உரிமையாளரைப் பகல் வேளையில் அவற்றைத் தாமாகவே அணைத்துவைக்குமாறு வேண்டிக்கொண்டது. இங்கே இருவகை ஆளுகையை ஒப்பிடலாம். தம்பபவனி போன்ற நிலையத்துக்கு ஆணை கம்பியில் செல்கிறது. சிறு கூரைகளுக்கு அத்தகைய கம்பி இல்லை. எனவே அரசு மக்களிடம் கேட்க வேண்டியதாயிற்று. கம்பி இருக்கும் இடத்தில் கேட்கவேண்டிய தேவை எழுவதில்லை. தொழில்நுட்ப வசதி என்று நாம் கூறுவதன் மறுபக்கம் இது.

தொலைக் கட்டுப்பாடு அறுந்தால் என்னவாகும் என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் சான்றாகும். 2015 டிசம்பர் 23ஆம் நாள், உக்ரேனின் மின்விநியோக நிலையங்களின் கணனிகளுக்குள் புகுந்தோர், பணியாளர் பார்த்துக்கொண்டிருக்கவே திரையில் சுட்டியை நகர்த்தி மின்சுற்றுகளை ஒவ்வொன்றாகத் திறந்தனர். ஏறத்தாழ 225,000 பாவனையாளர் மின்சாரம் இழந்தனர். சில மணி நேரத்துள் மின்சாரம் மீண்டது. மீட்டவர்கள் துணைமின்நிலையங்களுக்கு வண்டியேறிப் போய், ஆளிகளைக் கையால் மூடிய தொழிலாளர். மற்றையது 2022 பெப்ரவரி 24ஆம் நாள், வயாசற் நிறுவனத்தின் செய்மதித் தொடர்பு தாக்கப்பட்டபோது நிகழ்ந்தது. ஜேர்மனியின் எனர்கொன் நிறுவனத்துச் சுழலிகள் 5,800 அளவில், மொத்தம் 11 கிகாவாற்று ஆற்றலுடையவை, தொலைக் கண்காணிப்பை இழந்தன. ஆயினும் அவை நிற்கவில்லை. ஒவ்வொரு சுழலியின் கணனியும் தன் காற்றைத் தானே பார்த்து இயங்கிக்கொண்டிருந்தது. தொலைவிலுள்ளவர் குருடானபோதும் அருகிலிருந்த அறிவு போதுமானதாயிற்று. மையத்தில் எல்லாவற்றையும் குவித்தலே திறமை என்று வாதிடுவோர் இவ்விரண்டையும் சேர்த்து நோக்குதல் நன்று.

எனினும் சுழலியின் தன்னாட்சிக்கு ஓர் எல்லை உண்டு. ஓய்ந்து நிற்கும் சுழலியும் மின்சாரம் உண்கிறது: கணனிக்கு, எண்ணெய்ப் பம்புக்கு, தலையைத் திருப்பும் மோட்டார்களுக்கு. அம்மின்சாரம் வலையமைப்பிலிருந்தே வருகிறது. நாடு முழுவதும் இருண்டால், சோளகம் எத்துணை வேகமாக வீசினும் இவ்வகைச் சுழலி தானாக எழுந்து ஊருக்கு விளக்கேற்றாது. இணைவதற்கு முன் அதற்கு உயிருள்ள வலையமைப்பொன்று வேண்டும். 2020 ஆகஸ்ட், 2021 டிசம்பர், 2023 டிசம்பர், 2025 பெப்ரவரி ஆகிய காலங்களில் நாடு இருண்டது. அத்தகைய வேளைகளில் முதலில் எழக்கூடியவை மலைநாட்டு நீர்மின் நிலையங்கள் போன்றவையே. நீர்க்கதவைத் திறந்தால் அவை வெளி மின்சாரம் ஏறத்தாழ இல்லாமலே சுழலத் தொடங்கும். அங்கிருந்து கம்பி கம்பியாக உயிரூட்டி வந்து மன்னாரைச் சேர நேரம் செல்லும். அதுவரை காற்றாலையின் காலடியில் உள்ள வீடுகளும் இருளிலேயே இருக்கும். மின்கலத் தொகுதியும் அதற்கேற்ற மாற்றியும் அமைத்தால் ஒரு தீவு தன் காற்றால் தானே எழலாம் என்பது தொழில்நுட்ப அளவில் இயலாத காரியமன்று. இயல்வதைச் செய்யும்படி யார் கேட்டார் என்பதே வினா.

ஆணையிடும் குரல்கள் மன்னாரில் ஒன்றல்ல. வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது; மத்திய ஆசியப் பறவைப் பாதையின் தென்கோடி இங்கே முடிகிறது. பூநாரைகளும் வாத்தினங்களும் மாரியில் பெருங்கூட்டமாக வந்திறங்குகின்றன. ஆகவே தம்பபவனித் திட்டத்தில், பறவைக் கூட்டங்களை ராடரால் கண்டறிந்து, வேண்டும்போது சுழலிகளை நிறுத்தும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. மின்வலையமைப்பின் தேவைக்காக நிறுத்துவது போலவே பறவையின் தேவைக்காகவும் பொறியை நிறுத்தலாம் என்னும் கொள்கை இதில் ஏற்கப்பட்டிருக்கிறது. இது சிறு செய்தியன்று. ஓர் ஈரநிலத்துப் பறவை, தான் அறியாமலே, பொறிக்கு ஆணையிடும் நிலையைப் பெற்றுள்ளது.

கரையில் வாழும் மனிதருக்கு அந்நிலை கிடைத்துள்ளதா? மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக் காற்றாலைகளை அமைக்க முன்வந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் பின்வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் முதல், வேறு புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் தொடர் போராட்டம் நடத்தினர். சுழலிப் பாகங்கள் இரவில் ஏற்றிவரப்பட்டபோது வீதியில் இறங்கித் தடுத்தனர். வெள்ளநீர் வடியாமை, கரையோரத் தொழிலுக்கு இடையூறு, நிலம், பறவை ஆகியன அவர்கள் முன்வைத்த காரணங்கள். இவற்றுள் ஒவ்வொன்றின் அளவும் ஆய்வுக்குரியது. காற்று மின்சாரமே வேண்டாம் என்னும் முடிவுக்கு நாம் வரவில்லை. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் மாற்று வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின் வீதியை மறித்தல் என்பது, ஆணையிடும் கம்பி எதுவும் தன் பக்கம் வராத ஒரு சமுதாயம் கையாளக்கூடிய ஆளி என்பதையும் மறைத்தற்கில்லை.

செய்யக்கூடியது ஒன்றைக் குறிப்பிடுவோம். சுழலியின் கணனி, தான் பெற்ற ஒவ்வோர் ஆணையையும் நாளும் நேரமும் இட்டுப் பதிவு செய்கிறது. எழுந்தது எப்போது, நின்றது எப்போது, காற்றுப் போதாமல் நின்றதா, கோளாறினால் நின்றதா, வலையமைப்பின் ஆணையால் நின்றதா, பறவைக்காக நின்றதா என்பனவெல்லாம் அப்பதிவில் உண்டு. இதனைத் திரட்டித் தமிழிலும் சிங்களத்திலும் மாதந்தோறும் மன்னார் மாவட்டச் செயலகத்திலும் தாழ்வுபாடு, பேசாலை, தலைமன்னார் முதலிய இடங்களின் கூட்டுறவுச் சங்கங்களிலும் ஒட்டிவைக்கப் புதிய பொறி எதுவும் வேண்டியதில்லை. இருக்கும் கணனியிலிருந்து ஓர் அட்டவணையை அச்சிட்டெடுத்தால் போதும். பறவைகள் வந்திறங்கும் மாதங்களில் எத்தனை முறை சுழலிகள் நின்றன என்பதை அக்கரையின் மீனவர் தம் கண்ணால் கண்டதோடு ஒப்பிட்டுக்கொள்வர். காற்று மிகுந்த சோளக இரவுகளில் எத்தனை மணி நேரம் சுழலிகள் ஆணையினால் ஓய்ந்துகிடந்தன என்பதையும், அந்நேரத்து மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் மின்கலத் தொகுதியின் தேவையையும் பல்கலைக்கழக மாணவர் கணக்கிடலாம். தேசியத் தொகுதியின் பாதுகாப்புக்கு ஊறு நேரும் என்று இதற்குத் தடை கூறப்படலாம். ஆனால் கடந்த மாதத்துப் பதிவைக் கொண்டு நாளைய சுழலியை எவரும் எழுப்பிவிட முடியாது.